உறங்கவும் ஒரு முறை உண்டு

தண்டலத்தில் இரவு பத்து மணிக்கு மேல் சாலையோரத்தில் நின்று பார்த்தால், ஊர் உறங்குகிறதா விழித்திருக்கிறதா என்று சொல்வது கடினம். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் அமைந்தது எங்கள் ஊர். மேற்கே ஸ்ரீபெரும்புதூர், அதற்கும் அப்பால் சுங்குவார்சத்திரம், தெற்கே ஒரகடம் என்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஒரு ஷிப்டு முடித்தவர்களை இறக்கிவிட்டு, அடுத்த ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு நிறுவனப் பேருந்துகள் ஓடுகின்றன. வீடுகளில் விளக்கு அணைந்திருக்கும்; எனினும், பணிக்குச் சென்றவர் திரும்பும்வரை அவ்வீட்டில் ஒருவருடைய காது மட்டும் அழைப்புக்காக விழித்திருக்கும்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் இளம்பெண் ஒருவர் அத்தகைய தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறார். பணிக்கூடத்துக்குள் கைப்பேசி கொண்டுசெல்ல அங்கே அனுமதி இல்லை. உள்ளே நுழையுமுன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, எட்டு மணி நேரம் கழித்துத்தான் அதை எடுப்பார். பேருந்தை விட்டு இறங்கியதும் தம்பியை அழைத்தால், அவன் வந்து கூட்டிச் செல்வான். ஒருநாள் இரவு அந்த அழைப்பு வரவில்லை. கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்துபோயிருந்தது. இருட்டில் தனியே நடந்து வீடு வந்து சேர்ந்தவர், மறுநாள் காலையில் என்னிடம் கேட்டார்: "சார், எட்டு மணி நேரம் யாருமே தொடாத போனில் சார்ஜ் எங்கே போச்சு?"

பல ஆண்டுகள் வகுப்பறையில் வினாக் கேட்டே பழகிய எனக்கு அன்று விடை சொல்லும் முறை வந்தது. அந்த விடையைத்தான் இன்று மாணவ நண்பர்களாகிய உங்களிடமும் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைக் கருதுவோம். கைப்பேசி என்பது ஒரு கருவி அன்று. அது ஒரு கூட்டுக்குடும்பம். திரை ஒன்று, அதன்மேல் விரலை உணரும் பரப்பு ஒன்று, இரண்டு மூன்று கேமராக்கள், ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, வைஃபை, புளூடூத், செயற்கைக்கோள்களைக் கேட்டு இடமறியும் ஜிபிஎஸ் கருவி, கோபுரத்தோடு பேசும் மோடம், அசைவை உணரும் உணரிகள், நினைவகம், இவற்றுக்கெல்லாம் நடுவே கணக்கிடும் பிராசசர். இத்தனை பேருக்கும் சோறிடும் பானை ஒன்றே. அதுதான் மின்கலம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டு தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திய நோக்கியா ஆலையை உங்கள் பெற்றோர் நன்கு அறிவர். அக்காலத்து எளிய கைப்பேசி ஒருமுறை மின்னேற்றினால் பல நாள் தாங்கும். அந்தக் குடும்பம் சிறியது. இன்றைய கைப்பேசியின் குடும்பமோ பெரியது. ஆதலின் யார் எப்போது உண்பது, யார் எப்போது உறங்குவது என்று பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஒரு பெரியவர் வேண்டும்.

அந்தப் பெரியவருக்குக் கெர்னல் என்று பெயர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். கணினியிலும் கைப்பேசியிலும் நாம் காணும் படங்களுக்கும் பொத்தான்களுக்கும் உள்ளே, இயங்குதளத்தின் நடுப் பருப்பாக இருந்துகொண்டு, எல்லாச் சாதனங்களையும் ஆளும் நிரல் அது. ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் இருப்பது லினக்ஸ் என்னும் கெர்னல். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார். கெர்னல் ஒவ்வொரு சாதனத்தோடும் நேரே பேசுவதில்லை. சாதனத்துக்கு ஒரு டிரைவர், அதாவது அச்சாதனத்தின் மொழியறிந்த இயக்கி நிரல், இருக்கிறது. தலைமையாசிரியருக்கு வகுப்பாசிரியர்கள் இருப்பதுபோல் என்று கொள்ளுங்கள்.

"வேலையில்லாத சாதனத்தை அணைத்துவிட வேண்டியதுதானே? இதில் என்ன பெரிய கலை இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்துக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன்.

2004-ஆம் ஆண்டில் நான் ஒரு பள்ளியில் தலைமைப் பொறுப்பில் இருந்தேன். மின்கட்டணத்தில் சிக்கனம் காட்டுவதில் எனக்குப் பெருமை மிகுதி. மாலையில் புறப்படும்போது மெயின் சுவிட்சை நானே என் கையால் இறக்கிவிட்டுத்தான் செல்வேன். கோடை விடுமுறையில் ஒருநாள் மழை வருவதுபோல் இருந்தது. அவசரமாகப் புறப்பட்டேன், வழக்கம்போல் சுவிட்சை இறக்கினேன். அலுவலக அறையில் எழுத்தர் ஒருவர், பத்தாம் வகுப்பு முடித்த மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ் விவரங்களைக் கணினியில் பதிந்து முடித்து, அதைத் தட்டில் எழுதும்படி கட்டளையிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வெளியே சென்றிருந்தார். கணினி பாதி எழுதியிருந்தபோது மின்சாரம் நின்றது. எழுதியதும் கெட்டது, எழுதாததும் போயிற்று. நாற்பது பேருடைய விவரங்களை மீண்டும் பதிய நான்கு நாள் ஆயின. பாலிடெக்னிக்கில் சேரவேண்டிய மாணவன் ஒருவன் அந்த நான்கு நாளும் பள்ளி வாயிலில் வந்து நின்றான். கடைசி நாளில் சான்றிதழைப் பெற்று ஓடினான், இடம் கிடைத்தது. கிடைக்காமற் போயிருந்தால்? அன்று நான் மிச்சப்படுத்திய மின்சாரம் சில காசுகள் பெறும். அந்தப் பையனின் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

என் பிழை விளக்கை அணைத்தது அன்று. என்னை நம்பி யார் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று பாராமல் அணைத்ததே பிழை. கெர்னலை எழுதுவோர் பல்லாண்டுகள் பாடுபட்டுத் தீர்த்த சிக்கலும் இதுதான்.

சாதனங்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன. கணினியில் செருகிய பென் டிரைவை எடுத்துக்கொள்வோம். அது யூஎஸ்பி இணைப்பானைச் சார்ந்தது. இணைப்பான் யூஎஸ்பி கட்டுப்படுத்தியைச் சார்ந்தது. கட்டுப்படுத்தி, பிராசசருக்குச் செல்லும் பொதுப்பாதையைச் சார்ந்தது. பாட்டன், தந்தை, மகன் என்று வம்சாவளி எழுதுவதுபோல் கெர்னல் இவற்றை ஒரு மரமாக எழுதி வைத்திருக்கிறது. கணினி முழுவதும் உறங்கவேண்டிய வேளை வந்தால், மகன் முதலில் உறங்கவேண்டும்; தந்தை பின்னர்; பாட்டன் கடைசியில். விழிக்கும்போது இதற்கு நேர்மாறு: பாட்டன் முதலில், மகன் கடைசியில். கோயிலில் அர்த்தசாமப் பூசைக்குப் பின் உள்ளே இருக்கும் சன்னிதி முதலில் சாத்தப்பெறுகிறது. இராசகோபுரக் கதவு இறுதியில் சாத்தப்பெறுகிறது. விடியலில் கோபுரக் கதவு திறந்த பின்னரே சன்னிதிக்கு வழி உண்டு. அதே முறைதான் இது. தந்தையாகிய கட்டுப்படுத்தியை முதலில் உறங்கவைத்துவிட்டால், "நீயும் உறங்கு" என்று பென் டிரைவிடம் சொல்லவும் வழியில்லை. அது பாதியில் எழுதிக்கொண்டிருந்ததை முடிக்கவும் வழியில்லை.

லினக்ஸ் இதை எத்தனை கவனத்தோடு செய்கிறது என்று பாருங்கள். முதலில், ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளையெல்லாம் இருந்த இடத்திலேயே உறையவைக்கிறது. பள்ளியில் நீண்ட மணி அடித்ததும் எழுதுகோலைக் கீழே வைப்பது போன்றது இது. அடுத்து, எல்லாச் சாதனங்களுக்கும் ஆயத்த அறிவிப்புச் செல்கிறது. இந்த ஓர் அறிவிப்பு மட்டும் பாட்டனிலிருந்து மகனை நோக்கி, மேலிருந்து கீழாக வருகிறது. காரணம் யாதெனில், "இனி உன்னிடம் புதிய பிள்ளைகளைச் சேர்க்காதே" என்பதே அந்த அறிவிப்பின் பொருள். சேர்க்கையை நிறுத்தாமல் தலைகளை எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை முடியுமா? சேர்க்கையை நிறுத்திய பின்னர், கீழிருந்து மேலாக ஒவ்வொரு சாதனமும் உறங்கவைக்கப்படுகிறது.

அப்போது ஒவ்வொரு டிரைவரும் செய்யவேண்டிய கடமைகள் சில உண்டு. புதிய வேலை ஏற்பதை நிறுத்தவேண்டும். கையிலுள்ள வேலையை முடிக்கவேண்டும். தன் சாதனத்தின் நிலையைக் குறித்து வைக்கவேண்டும். ஏனெனில் மின்சாரம் முழுதும் நின்றால், தான் யார், எந்த அளவில் இயங்கினோம் என்பதையெல்லாம் அந்தச் சாதனம் மறந்துவிடும். எழுப்பும் உரிமை தனக்கு உண்டென்றால் அதற்கு ஏற்பாடு செய்யவேண்டும். அதன்பிறகே மின்சாரத்தைக் குறைக்கவேண்டும். இறுதியில் பிராசசரும் நின்றுவிடும். நினைவகம் மட்டும் மிகச் சிறிதளவு மின்சாரத்தை உண்டு, தன் எழுத்துகளைத் தானே மீண்டும் மீண்டும் புதுப்பித்துக்கொண்டிருக்கும். இன்றைய கணினிகளின் முதன்மை நினைவகம் சில பத்து மில்லிவினாடிகளுக்கு ஒருமுறை இவ்வாறு புதுப்பிக்கப்படாவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடும் இயல்புடையது. மனப்பாடம் மறவாதிருக்க ஓதிக்கொண்டே இருக்கும் திண்ணைப் பள்ளி மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள்.

உறக்கத்திலும் ஆழம் உண்டு. கண்ணை மூடிச் சாய்ந்திருத்தல் வேறு. அடித்துப் போட்டாற்போல் உறங்குதல் வேறு. 1996-ஆம் ஆண்டில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து ஏசிபிஐ என்னும் நெறிமுறையை வெளியிட்டன. அதன்படி ஒரு சாதனத்தின் நிலைகள் டி0 முதல் டி3 வரை எண்ணப்படுகின்றன. டி0 முழு விழிப்பு. டி3 மிக ஆழ்ந்த உறக்கம். ஆழம் மிக மிக மின்சாரம் மிஞ்சும். எழுந்து வரக் காலமும் மிகும்.

இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். விளக்கத்துக்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு சாதனம் விழித்திருக்கும்போது 100 மில்லிவாட் உண்கிறது. உறங்கும்போது 10 மில்லிவாட் உண்கிறது. உறங்கவைத்து எழுப்ப ஒருமுறைக்கு 450 மில்லிஜூல் கூடுதலாகச் செலவாகிறது என்க. உறங்கும் ஒவ்வொரு வினாடியிலும் நமக்கு மிஞ்சுவது 90 மில்லிஜூல். அப்படியானால் 5 வினாடி உறங்கினால்தான் செலவும் வரவும் நேராகும். நான்கு வினாடியில் எழுப்ப நேர்ந்தால் நட்டமே. அருகிலுள்ள கடைக்குப் போய்வருவதற்காக வீட்டை ஏழு பூட்டுப் போட்டுப் பூட்டுபவன் நேரத்தை இழப்பதுபோல, சிறு ஓய்வுக்குப் பெரிய உறக்கம் ஆகாது. எனவே கெர்னல் ஓய்வின் நீளத்தை முன்கூட்டி மதிப்பிடவேண்டியிருக்கிறது. லினக்ஸில் யூஎஸ்பி சாதனங்களுக்கு இயல்பாக வைத்திருக்கும் பொறுமை 2 வினாடி. அந்த 2 வினாடி முழுதும் வேலை வராவிட்டால்தான், உறங்க இசைவு பெற்ற சாதனம் உறக்கத்துக்கு அனுப்பப்படும்.

இதுவரை சொன்னதில் இரண்டு வகை உறக்கம் கலந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒன்று, பள்ளி முழுவதும் மூடப்படும் இரவு உறக்கம். மற்றொன்று, பள்ளி நடந்துகொண்டிருக்கும்போதே ஆளில்லாத வகுப்பறையில் விளக்கையும் விசிறியையும் நிறுத்துவது. இந்த இரண்டாம் வகைக்கு எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான ஒழுங்கு லினக்ஸில் 2009 டிசம்பரில் வெளிவந்த பதிப்பில் சேர்ந்தது. அதை உருவாக்குவதில் முதன்மைப் பங்கு கொண்டவர் போலந்து நாட்டு அறிஞர் ரஃபேல் வைசோக்கி.

அந்த ஒழுங்கின் உயிர் எளிய எண்ணிக்கையில் இருக்கிறது. நூலகத்தின் வாயிலில் ஒரு குறிப்பேடு இருக்கிறது என்று கொள்வோம். உள்ளே செல்பவர் ஒரு கோடு இடுகிறார். வெளியே வருபவர் ஒரு கோட்டை அடிக்கிறார். கோடுகள் ஒன்றும் இல்லையென்றால் விளக்கை அணைக்கலாம். அவ்வாறே, ஒரு சாதனத்தைப் பயன்படுத்தத் தொடங்கும் நிரல் 'கெட்', அதாவது 'எடுத்தேன்', என்கிறது. எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. முடித்ததும் 'புட்', அதாவது 'வைத்தேன்', என்கிறது, ஒன்று குறைகிறது. எண்ணிக்கை சுழியமாகும்போது அந்தச் சாதனம் உறங்கலாம். அதன் பிள்ளைகள் ஒருவரேனும் விழித்திருக்கும்வரை தந்தைக்கு இயல்பாக உறக்கம் இல்லை.

எளிய முறைதான், ஆனால் மனிதர் கை பட்டால் பிழை நுழையும். 'எடுத்தேன்' என்று சொன்னவர் 'வைத்தேன்' என்று சொல்ல மறந்தால், ஆளில்லாத அறையில் விளக்கு என்றென்றும் எரியும். கைப்பேசி சூடாகும், மின்கலம் தீரும், எந்தப் பிழைச் செய்தியும் திரையில் தோன்றாது. மாறாக, ஒருமுறை எடுத்துவிட்டு இருமுறை 'வைத்தேன்' என்று சொன்னால், படித்துக்கொண்டிருப்பவரின் தலைக்குமேல் விளக்கு அணையும். முதற்பிழை வீண்செலவு, இரண்டாவது பிழை துரோகம். என் மெயின் சுவிட்சுக் கதை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

வம்சாவளியில் எழுதாத உறவுகளும் உலகில் உண்டல்லவா? கைப்பேசியின் கேமரா ஒரு கம்பிவழியின் பிள்ளையாக மரத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதற்கு மின்சாரம் தருவது ஒரு சீராக்கி. துடிப்புத் தருவது ஒரு கடிகாரம். இவை மரத்தின் வேறு கிளைகளில் இருக்கும். பெற்றவர் ஒருவர், சோறு போடுபவர் வேறொருவர். மரத்தை மட்டும் பார்த்து வரிசை வகுத்தால், சோறு போடுபவர் முதலில் உறங்கிவிடக் கூடும். பல்லாண்டுகள் டிரைவர் எழுதுவோர் தத்தம் முயற்சியால் இதைச் சமாளித்து வந்தனர். 2017 பிப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் 4.10 பதிப்பில், கொடுப்பவர் யார், கொள்பவர் யார் என்ற உறவையும் கெர்னலிடமே எழுதிவைக்கும் வசதி வந்தது. அந்த உறவு எழுதப்பட்ட இடங்களிலெல்லாம், கொள்பவர் உறங்கிய பின்னரே கொடுப்பவர் உறங்குவார் என்பது உறுதியாயிற்று.

இனி உறக்கத்தின் மிக அரிய பகுதிக்கு வருகிறேன். எல்லோரும் உறங்கிவிட்டால் எழுப்புபவர் யார்? கைப்பேசியில் அந்தப் பொறுப்பு சிலருக்கே உண்டு: மின்பொத்தான், விழிப்பு மணிக்கான கடிகாரம், கோபுரத்தைக் கேட்கும் மோடம் முதலியோர். மோடமும் இமை கொட்டாமல் விழித்திருப்பதில்லை. ஓரிரு வினாடிக்கு ஒருமுறை கண் திறந்து, "எனக்கு அழைப்பு உண்டா?" என்று கேட்டுவிட்டு மீண்டும் கண்ணயர்கிறது. அழைப்பு உண்டென்றால் பிராசசரைத் தட்டி எழுப்புகிறது.

உறங்கச் செல்லும் அந்த நொடியிலேயே அழைப்பு வந்தால் என்ன செய்வது? கடைசிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது வாயிலில் தந்திக்காரர் வந்து நின்றதாகக் கொள்ளுங்கள். கதவு சாத்தும் ஓசையில் அவர் குரல் கேளாமற் போகலாம். அவரும் போய்விடுவார், செய்தியும் போய்விடும். இதற்காக 2010 அக்டோபரில் வெளிவந்த லினக்ஸ் பதிப்பில் ஒரு தீர்வு வந்தது. எழுப்பும் நிகழ்ச்சிகளைக் கெர்னல் எண்ணி வருகிறது. உறங்க விரும்பும் நிரல் முதலில் அந்த எண்ணைக் கேட்டுக்கொள்கிறது; ஆயத்தங்களைச் செய்கிறது; பின்னர், "நான் கேட்ட எண் இது; இப்போதும் இதுதானா?" என்று திருப்பிச் சொல்கிறது. எண் மாறியிருந்தால் இடையில் யாரோ அழைத்திருக்கிறார் என்று பொருள், உறக்கம் நிறுத்தப்படும். வேலை முடியும்வரை உறங்காதே என்று செயலிகள் கைப்பேசியைப் பிடித்துவைக்கும் 'வேக்லாக்' என்ற முறையை ஆண்ட்ராய்டு முன்பே கையாண்டது. அதைப் பொதுவான லினக்ஸில் சேர்க்கலாமா என்று கெர்னல் எழுதுவோரிடையே நீண்ட விவாதம் நடந்தது. முடிவில் அதற்கு இணையான வசதி 2012 ஜூலையில் வந்த பதிப்பில் இடம்பெற்றது.

இந்த ஒழுங்கு கைப்பேசிக்கு மட்டும் உரியதன்று. மின்கலத்தை நம்பி வாழும் எதற்கும் இது பொருந்தும் என்பதை நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்று நன்றாகக் காட்டுகிறது. 2023 ஆகஸ்டு 23-ஆம் நாள் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நீங்கள் கண்டு மகிழ்ந்திருப்பீர்கள். அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். நிலவில் பகல் நம் கணக்கில் ஏறத்தாழ பதினான்கு நாள், இரவும் அவ்வளவே. கதிரொளியில் வாழும் அக்கருவிகளுக்கு இரவு நெருங்கியபோது உறக்கம் கட்டாயமாயிற்று. செப்டம்பர் 2-ஆம் நாள் பிரக்யான் என்னும் ஊர்தி முதலில் உறக்கத்தில் வைக்கப்பெற்றது. செப்டம்பர் 4-ஆம் நாள் விக்ரம் என்னும் தரையிறங்கு கலம் உறக்கத்தில் வைக்கப்பெற்றது. இந்த வரிசையைக் கவனியுங்கள். பிரக்யான் பூமியோடு நேரே பேசுவதில்லை. விக்ரம் வழியாகவே பேசும். பிள்ளை முதலில், தந்தை பின்னர் என்னும் வரிசையோடு இது முற்றிலும் ஒத்திருக்கிறது. மின்கலம் நிறைய மின்னேற்றி, ஆய்வுக்கருவிகளை அணைத்து, அடுத்த விடியலில் கதிரொளி விழும் திசையில் ஊர்தியின் தகட்டை நிறுத்தி, ஏற்பியை மட்டும் விழித்திருக்கச் செய்தனர். ஒரு காது மட்டும் திறந்திருந்தது.

செப்டம்பர் 22-ஆம் நாள் அழைத்துப் பார்த்தார்கள். மறுமொழி வரவில்லை. ஒரு நிலவுப் பகலுக்கென்று வகுத்த பணி அதற்கு முன்னரே நிறைவேறிவிட்டதால், அதைத் தோல்வி என்று யாரும் கருதவில்லை. எனினும் அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. உறங்கவைப்பது நம் கையில் இருக்கிறது; எழுந்து வருவது எப்போதும் நம் கையில் இல்லை. ஆகையால்தான், உறங்குமுன் செய்யும் ஆயத்தங்களில் எதையும் குறைத்துவிடக் கூடாது.

இப்போது எங்கள் தெருப் பெண்ணின் வினாவுக்குத் திரும்புவோம். அவருடைய கைப்பேசியில் மின்கலச் செலவைக் காட்டும் பட்டியலைத் திறந்து பார்த்தோம். இடமறியும் வசதியைப் பயன்படுத்தும் செயலி ஒன்று பட்டியலின் தலையில் இருந்தது. அது ஜிபிஎஸ் கருவியை 'எடுத்தேன்' என்று சொல்லிவிட்டு 'வைத்தேன்' என்று சொல்லவே இல்லை. இரும்புப் பெட்டிக்குள் செயற்கைக்கோளின் குரல் எப்படிக் கேட்கும்? கேளாததால் அக்கருவி எட்டு மணி நேரமும் தேடிக்கொண்டே இருந்தது. மோடமும் அவ்வாறே. சுற்றிலும் இரும்பு, கோபுரத்தின் ஓசை மெலிதாகவே எட்டியது. தொடர்பு அறுந்த போதெல்லாம் மீண்டும் தேடியது; தன் குரலையும் உரக்க எழுப்பியது. யாரும் தொடாத கைப்பேசிதான். ஆனால் அதற்குள்ளே யாரும் உறங்கவில்லை.

அந்தச் செயலியை நீக்கிவிட்டோம். பெட்டியில் வைக்குமுன் விமானப் பயணத்துக்கென்று உள்ள ஏற்பாட்டைப் போட்டுவிடும்படியும் சொன்னேன். "அம்மா அழைத்தால்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பூட்டிய பெட்டிக்குள் மணி அடித்தாலும் எடுக்க ஆளில்லை. அந்த எட்டு மணி நேரம் அந்தக் காதை நம்பி யாரும் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்த கணத்தில் அதைத் திறந்துவிட வேண்டும். அப்போது தம்பி காத்திருப்பான். இதை அம்மாவிடமும் முன்னரே சொல்லிவைக்கும்படி கூறினேன். ஆயத்த அறிவிப்பு இல்லாமல் உறங்கக் கூடாது என்று கெர்னலிடமிருந்தே கற்றுக்கொண்டோம் அல்லவா?

மாணவ நண்பர்களே! எங்கள் தண்டலத்திலும் அதைச் சுற்றிலும் பொறியியற் கல்லூரிகள் உள்ளன. நெடுகிலும் மின்னணுச் சாதனங்களைத் தொகுக்கும் ஆலைகள் உள்ளன. இங்கே தொகுக்கப்படும் கருவிகளுக்கு உயிரூட்டும் நிரல்களை எழுதுபவர்கள் உங்களிலிருந்து வரவேண்டும். லினக்ஸ் கெர்னலின் மூலநிரல் யாரும் படிக்கும்படி திறந்தே கிடக்கிறது. அதில் ஒரு சிறிய சாதனத்தின் டிரைவரை எடுத்துக்கொண்டு, அது எங்கே 'எடுத்தேன்' என்கிறது, எங்கே 'வைத்தேன்' என்கிறது என்று ஒரு மாலை நேரம் தேடிப் பாருங்கள். இடையில் பிழை நேர்ந்து வேலை பாதியில் முறியும் வழிகளிலும் 'வைத்தேன்' என்பது சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மறதி பெரும்பாலும் அந்த வழிகளில்தான் ஒளிந்திருக்கும்.

சிக்கனம் நல்ல குணம். ஆனால் அணைக்கும் கை, தன்னை நம்பி இருப்பவர் யார் என்பதை முதலில் எண்ணிப் பார்க்கவேண்டும். ஓய்வுபெறும் நாள் வரையில் நான் மெயின் சுவிட்சை இறக்குமுன் ஒவ்வோர் அறையாக நடந்து, "யாராவது இருக்கிறீர்களா?" என்று குரல் கொடுத்துவிட்டே இறக்கினேன். அதற்கு நாள்தோறும் பத்து நிமிடம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிடத்தை வீண் என்று நான் ஒருநாளும் கருதியதில்லை.